அலமேலு அஜ்ஜி நான் அல்ல

1

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் கொழுந்தனார் விட்டுப்போன பிள்ளைகள். பெயர் மாதம்மாள். அந்தியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன், எனக்கு அவசரம் இல்லை.

இன்று காலை அக்கி ரொட்டிக்கு அரிசிமாவு பிசைந்துகொண்டிருந்தேன். மேசை மேல் கிடந்த போன் கிணுகிணுத்தது. திரையில் பலூன் பறந்தது. பேத்தி சிஞ்சனா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அஜ்ஜி, உன் பேஜுக்கு இன்னைக்கு ஒரு வயசாம். ஹேப்பி பர்த்டே சொல்லுது."

"என் பேஜ் இல்லைடி. அவளோடது."

அஜ்ஜி என்றால் இங்கே பாட்டி. அப்பத்தா என்று கூப்பிடச் சொல்லி அவள் பால்பல் முளைத்த நாளிலிருந்து கேட்டேன். எதிர்வீடு, பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், ஆட்டோக்காரர் என்று எல்லோரும் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். தோற்றுவிட்டேன்.

கனடா, துபாய் என்று போனவர்கள் ஊர்க்காரர்களுக்குப் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். என்னிடம் பனி கிடையாது. காலையில் கொள்ளேகால் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் பிறந்த ஊரில் இறங்கலாம். இருந்தாலும் இது எனக்கு வெளிநாடுதான். ரேஷன் அட்டையில் எழுத்து வேறு, பஸ் பலகையில் எழுத்து வேறு, என் பேத்தி கோபம் வந்தால் கத்தும் பாஷை வேறு. பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்பதால் நமக்கு மரியாதையும் கம்மி. துபாய்க்காரன் ஊருக்கு வந்தால் சென்ட் பாட்டில் கேட்கிறார்கள். என்னிடம் மைசூர்பாகு கேட்கிறார்கள். அதையும் வாயில் போட்டுக்கொண்டு, அந்தியூரிலேயே இதைவிட நன்றாகக் கிடைக்கும் என்கிறார்கள்.

நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். தமிழ் எழுத்துத் தெரியும், மெதுவாக வரும். கன்னடம் பேச்சில் ஓடும், படிக்க வராது. ஆங்கிலம் இரண்டுக்கும் கிடையாது. நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் வழிவிட்டது.

2

என் வீட்டுக்காரர் மைசூர் ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்று, சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தார். நான் விஜயநகரில் மூத்த மகன் மாதேஷ் வீட்டில் இருக்கிறேன். மாதேஷ் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தான். என்ன பதவி என்று எனக்கு விளங்கியதில்லை. விளக்கச் சொன்னால் அவனுக்கும் விளங்கவில்லை. கடைசியில் கம்பெனிக்கும் விளங்காமல் அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. தாடி வளர்ந்தது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. மருமகள் கேட்டால் "ஏனில்லா", நான் கேட்டால் "ஒண்ணுமில்ல". இரண்டு பாஷையிலும் ஒரே பதில்தான்.

ஒரு நாள் அறைக்குள்ளிருந்து யாரோ பாடம் நடத்தும் சத்தம் கேட்டது. ஆன்லைன் மார்க்கெட்டிங் வகுப்பு. பாடம் நடத்தியவன் சின்னப் பையன், மீசை இன்னும் சரியாகச் சேரவில்லை. எல்லோரும் அவனை 'கோச்' என்று அழைத்தார்கள். தலை நரைத்த என் மகனும் "யெஸ் கோச்" என்றான்.

வகுப்பில் முதல் பாடம் பிளாக் தொடங்குவது. மாதேஷ் ஆங்கிலத்தில் தொடங்கினான். வேலையில் வெற்றி பெறுவது எப்படி என்பது தலைப்பு. வேலை போனவன் எழுதினான். படித்தவர்கள் மூன்று பேர். ஒருவர் மாதேஷ், இன்னொருவர் மனைவி போனிலிருந்து மாதேஷ், மூன்றாமவர் வழி தவறி வந்தவர் என்று நினைக்கிறேன்.

அடுத்து மைசூரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று ஒரு பிளாக். அறையை விட்டு நகராமல் ஊர் முழுவதையும் சுற்றிக்காட்டினான். எங்கள் மொட்டை மாடியில் நின்றாலே சாமுண்டி மலை தெரியும். அவன் போனிலேயே பார்த்து எழுதினான். ஜனங்கள் தேடுகிற சொல்லை ஆங்காங்கே தூவ வேண்டும் என்று கோச் சொல்லியிருந்தானாம். உப்பு தூவுவதற்கும் ஒரு அளவு உண்டு. ஒரு வரிக்கு நாலு மைசூர் வந்தது.

மூன்றாவதாகத்தான் நான் மாட்டினேன். அன்றைக்குப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தேன். மாதேஷ் தண்ணீர் குடிக்க வந்தவன், போனைத் தூக்கிப் படம் பிடித்தான். சாயங்காலம் ஓடி வந்தான்.

"அம்மா! எவ்ளோ பேரு பாத்திருக்காங்க தெரியுமா? உன் கைக்கே இவ்ளோ லைக்!"

"கைக்கா, சாதத்துக்கா?"

"கைக்கும்மா. சாதம் சரியா விழலை."

மறுநாள் சவரம் செய்துகொண்டான். பட்டன் போட்ட சட்டை போட்டான். "அம்மா, இப்படி உட்காரு, ஆமேலே இப்படித் திரும்பு" என்றான். ஆமேலே என்றால் அப்புறம். உட்கார்ந்தேன், திரும்பினேன், சிரிக்கச் சொன்னபோது சிரித்தேன். அது வேஷச் சிரிப்பு இல்லை.

3

அதன்பின் எங்கள் வீட்டுச் சமையலறையில் பரிசோதனைகள் நடந்தன. ஒரே வீடியோவை இரண்டாகப் போடுவார்கள். ஒன்றில் எவர்சில்வர் தட்டு, ஒன்றில் வாழை இலை. எதற்கு லைக் அதிகம் என்று பார்ப்பார்கள். இலை ஜெயித்தது. எங்கள் வீட்டில் இலையில் சாப்பிட்டது கடைசியாக என் வீட்டுக்காரரின் கருமாதிக்கு. அதற்குப்பிறகு வாரம் இரண்டு முறை கேமராவுக்காக இலை வந்தது. சாப்பிடும்போது எடுத்துவிட்டுத் தட்டு வைத்தார்கள்.

பிளாஸ்டிக் குடம் வெளியே போனது, வாடகைக்கு ஒரு பித்தளைக் குடம் வந்தது. மிக்ஸி துண்டு போட்டு மூடப்பட்டது. நான் தொட்டே வருஷக்கணக்கான ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

கோச் ஒரு நாள் திரையில் வந்து என்னையே பார்த்துப் பேசினான். "அஜ்ஜி, ஜனங்க பொருளை வாங்கறதில்ல. கதையை வாங்கறாங்க."

"எங்கிட்டப் பொருளும் இல்லையே தம்பி" என்றேன்.

பொருள் இருந்தது. எனக்குத்தான் தெரியாது. நகரத்துக்கு வெளியே ஏதோ கொட்டகையில் அரைத்த புளியோதரைப் பொடி, பாக்கெட்டில் என் படம் போட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பொடியை நான் மோந்துகூடப் பார்த்ததில்லை. பிளாக்கில் எழுதுவதெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும். மாதேஷ் எனக்குக் காட்டுவது லைக் எண்ணிக்கையை மட்டும். எண் எனக்குப் படிக்க வரும். சந்தோஷமாகப் படித்தேன்.

4

ஒரு மத்தியானம் மூன்றாவது வீட்டு ருக்மணி அம்மா வந்தாள். புளியோதரைக்குப் பேர்போன மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட வைஷ்ணவக் குடும்பம். அவள் சாதாரணமாகக் காலை வெளியே வைப்பதில்லை. அன்று போனைக் கையில் ஏந்தி வந்தாள்.

"ஏன் மாதம்மா, எப்போ எங்களவா ஆனே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆரத்தி எடுத்திருப்பேனே."

"என்ன சொல்றீங்க?"

"மேல்கோட்டை அலமேலு அஜ்ஜி, வயசு எண்பத்தெட்டு, பதினோரு குழந்தை, ஆத்துக்காரர் கோயில் மடப்பள்ளியிலே சமையல். யாரு இது? நானும் மேல்கோட்டையிலே பொறந்தவதானே, இந்த அலமேலுவை நான் பார்த்ததே இல்லையே!"

சிஞ்சனாவைக் கூப்பிட்டு வரிக்கு வரி படிக்கச் சொன்னேன். படித்தாள். எழுபத்து நாலை எண்பத்தெட்டு ஆக்கியிருந்தார்கள். ஐந்து பிள்ளைகள் பதினொன்றாகப் பெருகியிருந்தார்கள். பட்டறையில் இரும்போடு வேலை செய்த மனிதர் மடப்பள்ளியில் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"அதைக்கூட விடு" என்று ருக்மணி அம்மா வீடியோவை நிறுத்தி விரலால் பெரிதாக்கினாள். "இதைப் பாரு. வாணலி ஓரத்திலே."

பார்த்தேன். பூண்டு. உரித்த பூண்டு, கைப்பிடி அளவு. எங்கள் பக்கம் புளிசாதத்துக்குப் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுத் தாளிப்போம். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். அவர்கள் வீட்டிலோ பெருமாளுக்குப் படைக்கிற சாதத்தின் பக்கத்தில் பூண்டு என்ற பேச்சே கிடையாது. வீட்டில் இத்தனை கேமரா, விளக்கு, கோச் எல்லாம் இருந்தும் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. போடாதே என்று சொல்ல, போடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

"கீழே ஊரே சண்டை போட்டுண்டிருக்கு" என்றாள். "மேல்கோட்டைப் புளியோகரேயிலே பூண்டான்னு. மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடுத்து."

நான் பூண்டைப் பார்க்கவில்லை. பெரிதாக்கின படத்தில் என் முகமும் பெரிதாகியிருந்தது. என் நெற்றியில் விபூதி இல்லை. நான் வைத்த மூன்று பட்டையையும் படத்திலேயே துடைத்துவிட்டு, நடுவில் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். ருக்மணி அம்மா நெற்றியில் இருக்கிறதே, அதே கோடு. அவளுக்கு அது அழகு. அவளுடையது. ஆனால் என் நெற்றி என்னுடையது.

"நான் வைக்கலைங்க" என்றேன்.

"தெரியும்டி" என்றாள். அப்போதுதான் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

5

மாதேஷை அழைத்தேன்.

"அம்மா, அது பர்சனல் இல்ல. பிராண்டிங். விபூதி இருந்தா மேல்கோட்டைன்னு யாரு நம்புவாங்க?"

"நம்ப வேண்டாமே. நான் மேல்கோட்டைக்குப் போனதே ஒரு தடவைதான். அதுவும் பஸ்ல வாந்தி எடுத்துட்டுப் போனேன்."

"எல்லாரும் செய்யறதும்மா. நீயும் சிரிச்சுட்டுத்தானே உட்கார்ந்திருந்தே?"

"நீ ரூமை விட்டு வெளிய வந்தியேன்னு சிரிச்சேன்டா."

ஒரு வாரம் பொறுத்துக்கொள், கோச்சிடம் பேசுகிறேன் என்றான். கோச் குஷியாக இருந்தானாம். பூண்டுச் சண்டையால் பார்ப்பவர் கூட்டம் ஏறிவிட்டது, இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்றானாம்.

அந்த வாரத்துக்குள் ஊரிலிருந்து போன் வந்துவிட்டது. என் தம்பி பெண்டாட்டி சரசு. எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்று அழைப்பார்கள்.

"ஏனுங் நங்கையா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கறேன் கண்ணு. என்ன திடீர்னு?"

"ஒண்ணுமில்லீங். பையன் போன்ல காமிச்சானுங். நெத்தியில அது என்னுங்?"

"அது நான் வைக்கலை சரசு. மிசின்ல வரைஞ்சிருக்குது."

"சரீங், சரீங்." ஒரு பேச்சு நம்பப்படாதபோது எங்கள் ஊரில் இரண்டு முறை சரி வரும். "ஆடி அமாவாசைக்கு மலைக்கு வருவீங்களாங்?"

"வராமெ? எந்த வருசம் வராம இருந்தேன்?"

"இல்லீங், உங்க தம்பி ரோசனை பண்றாருங். இந்தத் தடவை துண்ணூறு சின்ன நங்கையா கையில வாங்கிக்கலாமான்னு. உங்களுக்கு இனி தொட வேண்டாம்னு இருக்குமோ என்னவோன்னு..."

மற்றவர்களுக்கு இது விளங்க ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு மாதேஸ்வரன் மலைதான் எல்லாம். நான் மாதம்மாள், என் மகன் மாதேஷ் என்பதிலேயே தெரிந்திருக்கும். ஆடி அமாவாசைக்கு அவர்கள் மேட்டூர் வழியாக மலையேறி வருவார்கள், நான் கொள்ளேகால் வழியாகப் போவேன். சாமி பார்த்தபின் குடும்பம் முழுவதும் வரிசையில் நிற்கும். பிறந்த வீட்டின் மூத்த பெண் எல்லோர் நெற்றியிலும் துண்ணூறு, அதாவது விபூதி, பூசி, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதிவிட வேண்டும். என் அத்தை கையில் நான் வாங்கினேன். அத்தைக்குப்பின் நான்.

வீட்டுக்காரர் போனதிலிருந்து கல்யாண வீட்டில் என்னைப் பின்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். சாப்பாடு நன்றாகவே போடுகிறார்கள், ஆனால் பின்வரிசை. மலையில் மட்டும் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அங்கே நான் முன்னால் நிற்பேன், கட்சித் தலைவராக இருக்கும் என் தம்பி மகன்கூட எனக்கு முன்னால் குனிவான். வருஷத்தில் அந்த ஒரு நாழிகைதான் எனக்கு. அதைத்தான் ஒரு சிவப்புக் கோடு இழுத்து அழித்திருந்தார்கள்.

6

பூண்டுச் சண்டையைத் தீர்க்க கோச் ஒரு லைவ் ஏற்பாடு செய்தான். நேரலை. அலமேலு அஜ்ஜி கண்ணில் நீரோடு தோன்றி, பார்வை மங்கிவிட்டது, வேலைக்காரி தவறுதலாகப் பூண்டைப் போட்டுவிட்டாள் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வேலைக்காரியே கிடையாது. அவளையும் கோச்தான் பெற்றெடுத்தான்.

நான் மறுக்கவில்லை. உட்கார்ந்தேன். மாதேஷ் போனைப் பிடித்தான், காதில் கோச் பேசிக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கு எரிந்ததும் இடுப்பிலிருந்து மலை விபூதிப் பையை எடுத்தேன். தட்டிக் கொட்டி, மூன்று விரலால் நெற்றி நிறைய இழுத்தேன். அவசரப்படவில்லை. கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னேன்.

"என் பேரு மாதம்மா. வயசு எழுபத்து நாலு. அஞ்சு பேரை வளர்த்தேன். மேல்கோட்டை என் ஊரு இல்லை, அந்தப் பொடி நான் அரைச்சது இல்லை. பூண்டு நான்தான் போட்டேன். எங்க ஊட்டுல போடுவோம். மேல்கோட்டைக்காரங்க போட மாட்டாங்க. அவங்க பேரைச் சொல்லி வித்தது தப்பு."

கோச் கத்துவது எனக்கே கேட்டது. "கட் பண்ணுங்க சார், கட் பண்ணுங்க!" மாதேஷ் கட் செய்யவில்லை. போனைத் தாழ்த்தவில்லை. நான் எழுந்திருக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றான். இதை அவனுக்காக எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் கோச் வேறு ஆளாக வந்தான். "சார், பிரமாதம்! உண்மைதான் இப்போ டிரெண்ட். இதை வச்சே புது கோர்ஸ் போடறேன். அஜ்ஜி பேர்ல விபூதிப் பாக்கெட் இறக்கிடலாம்."

மாதேஷ் அந்த வகுப்பை விட்டான். இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்கு உண்மையான கணக்கு வேலை பார்க்கிறான். தினம் சவரம் செய்கிறான்.

7

ஆனால் அலமேலு சாகவில்லை. பேஜின் சாவி, அதுதான் பாஸ்வேர்டு, கோச்சிடம் இருந்தது. நான் இல்லாமலே அவள் வர ஆரம்பித்தாள். என் முகம், சிவப்புக் கோடு, மிஷின் குரல். இப்போது அவள் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள், இருமுவதில்லை. போன வாரம் முழங்கால் வலிக்கு எண்ணெய் விற்றாள். எனக்கு இருப்பது முழங்கால் வலி, எண்ணெய் அவளிடம்.

சிஞ்சனாவும் நானும் அந்தப் பேஜை நடத்தும் கம்பெனிக்குப் புகார் செய்தோம். அங்கே மனிதர்கள் இல்லை, கேள்விகள்தான். நீங்கள் அலமேலுவா என்று கேட்டது. இல்லை என்றோம். அப்படியானால் அடுத்தவர் முகத்தைப் பற்றி நீங்கள் புகார் செய்ய முடியாது என்றது. மறுபடி போய் ஆம் என்றோம். ஆதார் கேட்டது. ஆதாரில் மாதம்மாள் என்று இருக்கிறது, பெயர் பொருந்தவில்லை என்றது. கடைசியில், நீங்கள் மிஷின் இல்லை என்று நிரூபிக்க பஸ் இருக்கும் படங்களைத் தொடுங்கள் என்றது. பஸ் எல்லாவற்றையும் தொட்டேன். ஒரு லாரியைத் தொட்டுவிட்டேன் போல, மறுபடி முதலிலிருந்து. அலமேலுவை அது ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை.

ஊரில் இன்னும் மோசம். சரசு நேற்றுப் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங் நங்கையா. துண்ணூறு வெச்சுட்டுப் பேசுனீங்களே, அதுவும் மிசினுதான்னு பையன் சொல்றானுங். எது நெசமான நீங்கன்னு எங்களுக்குத் தெரியோணுமில்லீங்."

"இப்பப் பேசறனே, இது யாரு?"

"கொரலும் பண்றாங்களாமுங்" என்றாள் பாவம்.

அதனால்தான் எழுதுகிறேன். சிஞ்சனா எனக்கென்று ஒரு பிளாக் திறந்து கொடுத்தாள். பாக்கெட் இல்லை, வாழை இலை இல்லை. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. தப்பாக எழுதினால் நான் எழுத்துக்கூட்டித் திருத்துகிறேன். இன்று காலையிலிருந்து எழுதுகிறேன்.

தம்பி, இது உனக்கு. விபூதி பூசி நான் ஊதும்போது உன் இடது கண் மட்டும் துடிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உனக்கே தெரியாது, நீதான் கண்ணை மூடியிருப்பாயே. ஊதுகிறவளுக்குத்தான் தெரியும். இங்கே எழுதிவிட்டதால் இனி மிஷினுக்கும் தெரிந்துபோகும். தெரியட்டும். ஊதுவதற்கு அதனிடம் மூச்சு இல்லை. ஆடி அமாவாசைக்கு நான் பையோடு வழக்கமான இடத்தில் நிற்பேன். வந்து குனிந்து பார், நான் யாரென்று தெரியும். குனிய வேண்டாம் என்று தோன்றினால் எதிரில் நின்று அதைச் சொல், போனில் சொல்லாதே.

அவ்வளவுதான். சிஞ்சனா, இங்கே வா. இதை எனக்குப் படித்துக் காட்டு. ஒரு எழுத்தையும் கூட்டாதே, குறைக்காதே. போனில் தானாகப் படிக்கும் பட்டனை அழுத்தாதே, அது அலமேலுவின் மிஷின் குரலில் படிக்கும். ஊரில் உன் வயசுப் பிள்ளைகள் உன்னைக் கேலி செய்து போனில் அனுப்புவதைப் படிக்கத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டாய் அல்லவா, அது போதும். மெதுவாகவே படி. முதல் வரியிலிருந்து, என் வயசிலிருந்து படி.